நாவின் வேகம், நெஞ்சின் இருப்பு

 

 

நம் தில்லை நகரைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் கேட்டால் இரண்டு செய்திகளைத்தான் சொல்வார்கள். ஒன்று, தெருவுக்குத் தெரு நிற்கும் மருத்துவமனைகள். மற்றொன்று, மாடிக்கு மாடி நடக்கும் டியூஷன் வகுப்புகள். ஆகவே இங்குள்ள ஒரு பள்ளிவாசலில் இமாமாக இருப்பவரிடம் மக்கள் கொண்டுவரும் கோரிக்கைகளும் பெரும்பாலும் இரண்டாகவே இருக்கும். "ஹஜ்ரத், நோயாளிக்காக துஆ செய்யுங்கள்" என்பது ஒன்று. "பையனுக்கு மூளை கூர்மையாக ஓதிப் பாருங்கள்" என்பது மற்றொன்று. பிள்ளையின் மந்தம் தீர வேண்டும் என்று தண்ணீர் ஓதி வாங்கிச் செல்லும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் கூர்மையைக் கண்டு அஞ்சிய ஒரு தாயை அண்மையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அவர் நேரில் வரவில்லை. தம் கணவரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். மூத்த மகனுக்குப் பதினைந்து வயது; படிப்பில் கெட்டி; பேச்சில் அதைவிடக் கெட்டி. யார் என்ன சொன்னாலும் கண் இமைப்பதற்குள் ஒரு பதில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்துவிடுவானாம். விருந்தாளிகள் மெச்சுகிறார்கள், அவனுடைய அத்தாவும் பெருமைப்படுகிறார். "ஆனால் எல்லாரும் சிரிக்கும்போது இளையவன் மட்டும் எழுந்து போய்விடுகிறான். இப்போது எங்களோடு ஸுஃப்ராவில் உட்கார்ந்து சாப்பிடுவதையே நிறுத்திவிட்டான். மூத்தவனுக்கு அல்லாஹ் கொடுத்திருப்பது அருட்கொடையா, சோதனையா?" என்று அந்தச் சீட்டு முடிந்திருந்தது.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியே அந்த வாரம் ஜும்ஆ பயானில் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன். மிம்பரில் நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

விரைந்து எழும் அறிவுக்கு நம் தமிழில் அழகான ஒரு பெயர் உண்டு. சமயோசித புத்தி என்கிறோம். அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். சமயம் ஒன்று, உசிதம் ஒன்று. நேரத்திற்குத் தகுந்தது, இடத்திற்குப் பொருத்தமானது என்று பொருள். வேகம் என்பது அதில் பாதிதான். பட்டென்று வந்த பதிலை எல்லாம் நாம் சமயோசிதம் என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பதில் உசிதமாக இருந்ததா என்று பார்ப்பதில்லை.

மார்க்கப்பற்று உடையவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணும் சிலர் உண்டு. அவர்கள் நபிகளாரின் சபையைச் சரியாகப் படிக்கவில்லை என்றே சொல்வேன். ஸுஹைப் (ரலி) அவர்கள் ஒருநாள் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். முன்னால் ரொட்டியும் பேரீச்சம்பழமும் இருந்தன. உண்ணுமாறு நபியவர்கள் அழைத்தார்கள். ஸுஹைப் பேரீச்சம்பழத்தை எடுத்து உண்ணத் தொடங்கினார்கள். அப்போது அவர்களுக்குக் கண்வலி. கண்ணில் நோயை வைத்துக்கொண்டு பேரீச்சம்பழமா என்று நபியவர்கள் கேட்க, நோய் இல்லாத மறுபக்கத்தால் மெல்லுகிறேன், அல்லாஹ்வின் தூதரே என்று சட்டென்று பதில் வந்தது. பெருமானார் புன்னகைத்தார்கள் (நூல்: இப்னுமாஜா). கண்ணுக்கும் கடைவாய்க்கும் என்ன தொடர்பு! அதட்டலாக மாறியிருக்கக்கூடிய ஒரு கேள்வியை அந்த ஏழைத் தோழர் எவ்வளவு இனிமையாகத் திருப்பிவிட்டார்கள்! நகைத்தது தம் சொந்த நோயை, பிறருடையதை அன்று.

நபியவர்களே நகைச்சுவையாகப் பேசியதைக் கண்டு ஸஹாபாக்கள் வியந்து கேட்டபோது, விளையாட்டாகப் பேசும்போதும் தாம் உண்மையைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை என்று விளக்கினார்கள் (நூல்: திர்மிதீ). இதற்கு ஸாஹிர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை விடச் சிறந்த விளக்கம் இல்லை. ஸாஹிர் பாலைவனத்துக் கிராமவாசி, பார்வைக்கு அழகற்றவர். ஊரிலிருந்து வரும்போதெல்லாம் நபியவர்களுக்கு ஏதேனும் அன்பளிப்புக் கொண்டுவருவார். ஒருநாள் சந்தையில் நின்று தம் சரக்கை விற்றுக்கொண்டிருந்தபோது நபியவர்கள் பின்னாலிருந்து வந்து கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். யார் இது, விடும் என்று திமிறியவர், பிடித்திருப்பது யார் என்று தெரிந்ததும் தம் முதுகை அந்தப் புனித நெஞ்சோடு இன்னும் அழுத்திக்கொண்டார். இந்த அடிமையை வாங்குவோர் யார் என்று நபியவர்கள் சந்தையை நோக்கிக் கூவினார்கள். என்னை விற்றால் விலை போகாதே, நாயகமே என்றார் ஸாஹிர். சிரிப்பு அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் நபியவர்கள் உடனே, நீர் அல்லாஹ்விடம் விலை போகாதவர் அல்லர் என்று கூறினார்கள் (நூல்: அஹ்மத், ஷமாயில் திர்மிதீ).

சிந்தியுங்கள்! 'அடிமை' என்று சொன்னது பொய்யா? இல்லை, நாம் எல்லாரும் அல்லாஹ்வின் அடிமைகள். தம் உருவத்தைப் பற்றி அந்த மனிதரின் உள்ளத்தில் எத்தனை காலம் ஒரு குறை தங்கியிருந்ததோ, அது விளையாட்டின் நடுவே தானாக வெளிவந்துவிட்டது. வந்த அந்தக் கணத்திலேயே அதை எடுத்துத் துடைத்துவிட்டார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். இதை நான் எத்தனை முறை வாசித்தாலும் அந்தக் கடைசிச் சொல்லில் நின்றுவிடுவேன்.

அவர்களுக்குப் பின் வந்த மேதைகளும் சிரிப்புக்குப் பகைவர்களாக இருந்ததில்லை. கூஃபா நகரத்துப் பேரறிஞர் ஆமிர் அஷ்ஷஅபீ (ரஹ்) அவர்களிடம் ஒருவர் வந்து, இப்லீஸின் மனைவியின் பெயர் என்ன என்று கேட்டாராம். அந்தத் திருமணத்திற்கு நான் போகவில்லையே என்று பதில் வந்தது. பயனற்ற கேள்வி என்று கடிந்துகொள்ளவும் இல்லை. கேட்டவரை விரட்டவும் இல்லை. பக்தாதில் வாழ்ந்து ஹிஜ்ரி 597-இல் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் கூர்மதியாளர்களைப் பற்றி ஒரு தனி நூலே தொகுத்தார்கள். மூடர்களைப் பற்றியும் இன்னொரு நூல் தொகுத்தார்கள். (இரண்டையும் வாங்குகிறவர்கள் தங்களைப் பற்றிய நூல் முதலாவதுதான் என்று நினைத்துக்கொண்டே வாங்குவார்கள் போலும்!)

இனி, நம் தமிழ் மண்ணுக்கு வருவோம். இந்தப் பொருளைப் பேசும்போது நம் சமுதாயத்தின் ஒரு பெருமகனாரை மறந்துவிட்டுப் பேசுவது நன்றி கெட்ட செயல். இளைய தலைமுறையில் பலருக்கு அவர் பெயரே தெரியவில்லை என்பது என் மனக்குறை.

நாகர்கோவிலில் கோட்டாற்றை அடுத்த இடலாக்குடியில் 1874-ஆம் ஆண்டு பிறந்தவர் கா.ப. செய்குத்தம்பிப் பாவலர். அந்நாளில் அப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. சங்கரநாராயண அண்ணாவியார் என்பவரிடம் தமிழ் கற்றார். உமறுப்புலவரின் சீறாப்புராணத்திற்கு உரை எழுதினார். வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா, மருட்பாவா என்று தமிழ்நாடே இரண்டுபட்டு வழக்காடிய காலத்தில், அவை அருட்பாவே என்ற அணியில் நின்று மேடையேறினார். ஒரு முஸ்லிம் புலவர், சைவப் பெருமக்களுக்கிடையே நடந்த வழக்கில்! அவர் கற்ற கல்வியின் பரப்பும் அவர் பெற்ற மதிப்பும் எத்தகையன என்பதற்கு இதுவே சான்று.

10.3.1907 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் அவர் சதாவதானம் நிகழ்த்திக் காட்டினார். அன்றுமுதல் 'சதாவதானி' என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. சதம் என்றால் நூறு. அவதானம் என்றால் கவனம். ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் வைக்கும் கலை அது. எட்டு செய்தால் அஷ்டாவதானி, பதினாறு செய்தால் சோடசாவதானி. நூறு என்பது மிகச் சிலருக்கே வாய்த்தது.

அவதானம் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். புலவர் நடுவில் அமர்ந்திருப்பார். ஒருவர் அவர் முதுகில் சிறு கற்களை ஒவ்வொன்றாக எறிவார். மொத்தம் எத்தனை என்று இறுதியில் சொல்ல வேண்டும். வேறொருவர் மணியடிப்பார், அதையும் எண்ண வேண்டும். ஒருவர் கணக்குக் கேட்பார். ஒருவர் ஆண்டையும் மாதத்தையும் தேதியையும் சொல்லி, அது என்ன கிழமை என்று கேட்பார். இலக்கணத்தில் ஐயம் கேட்பார் ஒருவர். இதிகாசத்தில் கேட்பார் இன்னொருவர். இத்தனைக்கும் நடுவே, செய்யுளின் கடைசிச் சொற்களை மட்டும் கொடுத்து, இதில் முடியும்படி ஒரு வெண்பா பாடும் என்பார்கள். அதற்கு ஈற்றடி கொடுத்தல் என்று பெயர். கல்லை எண்ணுவது ஞாபகத்திற்குச் சோதனை. ஈற்றடியோ பல நேரங்களில் குணத்திற்குச் சோதனை. ஏனெனில், புலவரை மடக்க நினைப்பவர்கள் வலையை அங்குதான் விரிப்பார்கள்.

பாவலருக்கும் அப்படி ஒரு வலை விரிக்கப்பட்டது என்று தமிழ்ப் புலவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். (ஹதீஸுக்கு இருப்பது போன்ற ஸனத் இதற்குக் கிடையாது. ஆயினும் தமிழறிந்த சபைகளில் இதைக் கேளாதவர் குறைவு.) அவையில் இருந்த ஒருவர், 'துருக்கன்' என்ற சொல்லையும் இராமன் பெயரையும் சேர்த்து ஈற்றடியாகக் கொடுத்து, இதில் முடியப் பாடும் என்றாராம். துருக்கன் என்பது அக்காலத்தில் முஸ்லிமைக் குறிக்க வழங்கிய சொல். பொறி எப்படி அமைந்திருக்கிறது பாருங்கள்! கொடுத்தபடி பாடினால் இராமனையும் துருக்கனையும் இணைத்துச் சொன்னதாக ஆகும். அவையில் நிறைந்திருக்கும் இந்து சகோதரர்களின் மனம் புண்படும். பாட மறுத்தால், முடியவில்லை என்று பொருளாகும். சினந்து எழுந்தாலோ சபையே கலைந்துவிடும். மூன்று பக்கமும் கதவு அடைபட்ட அறை.

பாவலர் தயங்கவே இல்லை. இராமனுக்கு மூன்று தம்பியர். பரதன், இலக்குவன், மூன்றாமவன் சத்துருக்கன். தம்பியர் பெயர்களை வரிசையாக வைத்துக்கொண்டே வந்து, கொடுக்கப்பட்ட சொல்லுக்கு முன்னால் 'சத்' என்று ஒன்றைச் சேர்த்தார். துருக்கன் சத்துருக்கனாகிவிட்டான்! அடுத்து இராமன் பெயர் தானாக வந்து அமர்ந்தது. கொடுத்த ஈற்றடியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. எவர் மனமும் புண்படவில்லை. வலை விரித்தவரும் சேர்ந்து ரசிக்கும்படி அல்லவா அந்தப் பதில் அமைந்துவிட்டது!

நான் ஓதிய காலத்தில் எங்கள் உஸ்தாத் ஒருவர் இந்த நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டு, பாவலர் அந்தப் பதிலை எப்போது தயார் செய்தார் என்று எங்களிடம் கேட்டார்கள். அந்த நொடியில்தான் என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம். இல்லை, அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே என்றார்கள் உஸ்தாத். அன்று அது எனக்கு முழுதாக விளங்கவில்லை. இப்போது விளங்குவதை எழுதுகிறேன்.

நொடிப்பொழுதில் மனிதன் எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை. உள்ளே இருப்பு உள்ளதை எடுத்துக் கொடுக்கிறான். கடையில் சரக்கு இருந்தால்தானே வாடிக்கையாளர் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க முடியும்? பாவலரின் உள்ளே இராமகாதை இருந்தது, இலக்கணம் இருந்தது, யாப்பு இருந்தது. அவற்றோடு இன்னொன்று இல்லாமலும் இருந்தது. பிற சமயத்தார் மீது வெறுப்பு என்பது அந்த நெஞ்சின் இருப்பில் இல்லை. இருந்திருந்தால் அந்த நொடியில் அதுதான் முதலில் கைக்கு வந்திருக்கும். அவசரத்தில் கையை விட்டால் மேலே கிடப்பதுதானே வரும்!

மத்ரஸாவில் ஃபராயிள் எனும் வாரிசுரிமைச் சட்டம் படித்தவர்களுக்கு 'மிம்பரிய்யா' என்ற கணக்கு தெரிந்திருக்கும். அலீ (ரலி) அவர்கள் கூஃபாவின் மிம்பரில் நின்று குத்பா நிகழ்த்திக்கொண்டிருந்தபோது ஒருவர் எழுந்து கேட்டார். இறந்தவருக்கு மனைவி, இரண்டு மகள்கள், தாய், தந்தை, யாருக்கு எவ்வளவு? குர்ஆன் கூறும் பங்குகளைக் கூட்டினால் மகள்களுக்கு மூன்றில் இரண்டு, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆறில் ஒன்று, மனைவிக்கு எட்டில் ஒன்று. சொத்தை 24 பங்காக்கினால் 16, 4, 4, 3 என்று வந்து, கூட்டுத்தொகை 27 ஆகிவிடும். இருப்பதோ 24. அப்போது 27 ஆகவே பங்கிட்டு, எல்லார் பங்கையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். 'அவ்ல்' என்று அதற்குப் பெயர். மனைவியின் மூன்று பங்கு 27-இல் மூன்று, அதாவது ஒன்பதில் ஒன்று. அலீ (ரலி) அவர்கள் மனைவியின் எட்டிலொன்று ஒன்பதிலொன்றாகிவிட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து குத்பாவைத் தொடர்ந்தார்கள். காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கில் நான் அரை மணி நேரம் உழன்றது எனக்கு நினைவிருக்கிறது.

அந்த வேகம் நாவில் பிறந்ததா? இல்லை, நபியவர்களின் மடியில் வளர்ந்து, ஆண்டுக்கணக்கில் கற்றுச் சேமித்தது. ஆகவே, பிள்ளை மந்தம் என்று தண்ணீர் ஓதி வாங்க வரும் பெற்றோரே! மெதுவாகச் சேமிக்கிறவனை மந்தம் என்று சொல்லிவிடாதீர்கள். சேமித்து முடிக்கும்வரை அவனை விடுங்கள்.

நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் மன்னனோடு நடத்திய வாதத்தையும் இங்கே நினைவுகூரலாம் (அல்குர்ஆன் 2:258). உயிர் கொடுப்பதும் எடுப்பதும் தன்னாலும் ஆகும் என்று அவன் வாய்ச்சவடால் பேசியபோது, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர்கள் மல்லுக்கு நிற்கவில்லை. கிழக்கில் உதிக்கும் சூரியனை மேற்கிலிருந்து கொண்டுவா என்று வேறொரு வாசலைத் திறந்தார்கள்; அவன் வாயடைத்துப் போனான். எதை விட்டுவிடுவது என்று உடனே தெரிவதும் கூர்மைதான்.

இப்போது அந்தத் தாயின் சீட்டுக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் 'கலாய்ப்பது' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பள்ளியில் கலாய்க்கிறார்கள், வேனில் கலாய்க்கிறார்கள், வாட்ஸ்அப் குழுவில் ஒருவனுடைய புகைப்படத்தைப் போட்டு ஊரே சேர்ந்து கலாய்க்கிறது. யாரைக் கலாய்க்கிறார்கள்? குண்டாக இருப்பவனை, திக்கிப் பேசுகிறவனை, கறுப்பாக இருக்கும் பெண்ணை, அத்தா ஆட்டோ ஓட்டும் பையனை. "சும்மா தமாஷுக்குத்தான்" என்பார்கள். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம், பரிகசிக்கப்படுபவர்கள் இவர்களைவிட மேலானவர்களாக இருக்கக்கூடும் என்று அல்லாஹ் தன் திருமறையில் எச்சரிக்கிறான் (49:11). பெண்களைத் தனியாகவும் குறிப்பிட்டு அதே எச்சரிக்கையைத் திரும்பச் சொல்கிறான். பட்டப்பெயர் சூட்டுவதையும் அதே வசனத்தில் தடுக்கிறான். மூன்றையும் ஒரே வசனத்தில் இறக்கிய இறைவனுக்கு நம் வீட்டுக் கூடமும் வகுப்பறையும் தெரியாதா?

நபித்தோழர்களிலேயே ஒரு பயணத்தில் சிலர், உறங்கிக்கொண்டிருந்த ஒருவரின் கயிற்றை விளையாட்டாக எடுத்துவிட்டார்கள். அவர் விழித்துப் பதறிப்போனார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது ஆகாது என்று நபியவர்கள் தடுத்தார்கள் (நூல்: அபூதாவூத்). ஒரு கயிறுதான்! அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் உயரத்தைக் குறித்து ஒரு சொல் சொல்லிவிட்டபோது, அந்தச் சொல்லைக் கடல் நீரில் கலந்தால் கடலையே கெடுத்துவிடும் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) கண்டித்தார்கள் (நூல்: அபூதாவூத்). நம் உம்மத்தின் அன்னையருக்கே சொல்லப்பட்டது என்றால், நாம் எம்மாத்திரம்?

அந்தத் தாய்க்கு நான் எழுதியது இதுதான். சகோதரி! உங்கள் மகனுக்குக் கிடைத்திருப்பது அருட்கொடைதான், ஐயம் வேண்டாம். அவன் வாயை அடைக்காதீர்கள். ஆனால் விருந்தாளிகள் சிரிப்பதைப் பார்த்து நீங்களும் சிரிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அவன் அத்தாவையும் நிறுத்தச் சொல்லுங்கள். அவன் பேசும்போது கூட்டத்தைப் பார்க்காமல் இளையவன் முகத்தைப் பாருங்கள். நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள் என்பதை அவன் ஒரு வாரத்தில் கண்டுகொள்வான். கூர்மையான பிள்ளைதானே! தன்னைப் பற்றியே நகைக்க அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். தம்பியைச் சிரிக்க வைப்பதுதான் இனி அவனுக்கு வேலை என்று அவனிடமே சொல்லுங்கள். அது எல்லாவற்றிலும் கடினமான அவதானம் என்றும் சொல்லுங்கள். அவன் தன் தம்பியை ஸுஃப்ராவுக்கு அழைத்து வந்துவிட்டால் எனக்கு ஒரு சொல் தெரிவியுங்கள்.

சீட்டு போய் மூன்று ஜும்ஆ கழிந்துவிட்டது. இன்னும் செய்தி வரவில்லை, எதிர்பார்த்திருக்கிறேன்.

ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு இவ்வளவு உபதேசம் செய்யும் எனக்கு, அதற்குரிய தகுதி எங்கிருந்து வந்தது? தவறு செய்த வகையில்தான் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை, குத்பாவுக்கு முந்திய தமிழ் பயான். அன்றைய தலைப்பு பொறுமை. பேச்சு நன்றாகச் சூடு பிடித்திருந்த நேரத்தில் பின் வரிசையில் ஒரு செல்போன் சினிமாப் பாட்டோடு அலறியது. ஒருமுறை நின்று மறுபடியும் அலறியது. எனக்குள் சுருக்கென்றது. ஜும்ஆவில் மலக்குகள் ஏடுகளைச் சுருட்டி வைத்துவிட்டு உபதேசத்தைச் செவிமடுக்கிறார்கள் என்ற நபிமொழி நாம் அறிந்ததுதானே. உடனே, "எடுத்துப் பேசுங்கள் பாய்! மலக்குகள் லைனில் காத்திருப்பார்கள்" என்றேன். பள்ளி முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது, மறைக்க மாட்டேன். அந்த மனிதர் நடுங்கும் விரல்களால் போனையே அணைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சலாம் கொடுத்ததும் சுன்னத்துக்கும் நிற்காமல் வெளியேறிவிட்டார்.

மோதினார்தான் பிறகு சொன்னார். அவர் பெரம்பலூருக்கு அப்பாலிருந்து வந்தவராம். மூன்று தெரு தள்ளி ஒரு மருத்துவமனையில் மனைவிக்கு அறுவை சிகிச்சை. இரத்தம் தேவைப்பட்டால் கூப்பிடுவோம், போனைக் கையிலேயே வைத்திருங்கள் என்று அங்கே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த அழைப்புத்தான் அது. என் ஒரு சொல்லுக்கு அஞ்சி அவர் அதை அணைத்துவிட்டார். மருத்துவமனையில் இருந்த அவருடைய மைத்துனர் இரத்தம் கொடுத்து அல்லாஹ் காப்பாற்றினான். காப்பாற்றியிராவிட்டால்?

பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவனின் நெஞ்சில் அந்த நொடியில் இருப்பு இருந்தது எரிச்சல் ஒன்றுதான். கையை விட்டேன், அது வந்தது.

அஸர் தொழுகை முடிந்ததும் புறப்பட்டேன். நோயாளியின் பெயர் தெரியாது. ஊர்ப் பெயர் மட்டும் தெரியும். விசாரித்து விசாரித்து இரண்டாம் மாடிக்குப் போனபோது அவர் படிக்கட்டில் அமர்ந்து பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வழிநெடுக வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. இருபது ஆண்டுகளாக மிம்பரில் பேசுகிறவனுக்கு நா எழவில்லை. அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஒரு நொடி பார்த்தார். பிறகு, "என்ன ஹஜ்ரத், மலக்குகளை லைனில் நிறுத்திவிட்டு இங்கே வந்துவிட்டீர்களே!" என்றார்.

சிரித்துவிட்டேன். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிளாஸ்க் மூடியில் எனக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, நகர்ந்து படியில் இடம் விட்டார். அவர் பெரிதாகப் படித்தவர் அல்லர். வயலில் வேலை செய்பவர். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். "அதெல்லாம் இருக்கட்டும், உள்ளே அவளுக்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை, துஆ ஓதுங்கள் ஹஜ்ரத்" என்றார். அந்தப் படிக்கட்டிலேயே இருவரும் கைகளை ஏந்தினோம். நான் கேட்ட துஆவுக்கு அவர் ஆமீன் சொன்னார். பிறகு அவர் தம் வார்த்தைகளில் ஒரு துஆ கேட்டார். அதில் என் பெயரையும் சேர்த்துக்கொண்டார். நான் ஆமீன் சொன்னேன்.